பார்த்ததைச் சொல்லு

எங்கள் அறிவியல் டீச்சரிடம் மழை பெய்கிறது என்று சொல்வதற்குக்கூட யோசிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மத்தியானம் நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வகுப்பறை. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது தலைக்குமேல் தடதடவென்று சத்தம். நான்தான் வகுப்புத் தலைவி. எழுந்து நின்றேன்.

"மிஸ், மழை வந்துடுச்சு. சைக்கிளெல்லாம் உள்ள தள்ளிட்டு வரட்டுமா?"

"மழைய பாத்தியா?"

"சத்தம் கேக்குது மிஸ்."

"அப்ப சத்தம் கேக்குதுன்னு சொல்லு. போய்ப் பாத்துட்டு வா."

வெளியே சுள்ளென்று வெயில். பக்கத்துக் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி எங்கள் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து அதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"காது பொய் சொல்லல. சத்தம் வந்தது நெசம். இவ அவசரப்பட்டு அதுக்கு மழைன்னு பேர் வெச்சிட்டா. இப்ப சிரிக்கிறீங்களே, நீங்களும் மனசுக்குள்ள அதே பேரத்தான் வெச்சிருப்பீங்க." பிறகு என்னைப் பார்த்து, "போ, மோட்டார நிறுத்தச் சொல்லிட்டு வா" என்றார்.

எங்கள் பள்ளிக்கூடம் ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு அடுத்து இருந்தது. பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி. பாதிப் பேர் என்னைப் போல அப்பாவின் வேலைக்காக எங்கிருந்தோ வந்தவர்கள். எங்கள் வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, பக்கத்து வீட்டில் மதுரை, எதிர்வீட்டில் கோயம்புத்தூர். டீச்சர் மட்டும் அசல் உள்ளூர்க்காரர். முத்தாபுதுப்பேட்டையில் கீரையும் கத்திரிக்காயும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். வகுப்பில் பாடப்புத்தகத் தமிழில்தான் ஆரம்பிப்பார். கோபம் வந்துவிட்டால் ஊர் வாய் வந்துவிடும். "இன்னாடி, கத உட்டுகினு கீற?" என்று கேட்டார் என்றால் கடைசி பெஞ்சுவரை முதுகு நிமிர்ந்துவிடும்.

ஒல்லியான உடம்பு. கஞ்சி போட்ட பருத்திப் புடவை. ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். சத்தம் போடாத மொபெட் ஒன்றில் வருவார். அவர் வந்துவிட்டது அவர் வந்த பிறகுதான் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு இருந்தார். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால் நாங்கள் கட்டிய கதைகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்றையாவது அவர் காதுபடச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

பிரம்பு எடுக்கமாட்டார். அவர் தரும் தண்டனை வேறு. ஜன்னல் ஓரம் நிற்கவைத்து, வெளியே என்ன தெரிகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். கேட்க எளிதாகத்தான் இருக்கும். நின்று பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

"ஒரு தண்ணி லாரி போவுது மிஸ். ஒரு ஆடு போஸ்டர் தின்னுது. ஒரு அம்மா கோவமா போறாங்க."

"கோவத்த எப்படிப் பாத்த?"

"வேகமா நடக்கறாங்க மிஸ்."

"அப்ப வேகமா நடக்கறாங்கன்னு சொல்லு. அவங்களுக்கு பஸ்ஸு வந்திருக்கும்."

வீட்டுப்பாடம் செய்யாததற்காக ஜன்னலுக்குப் போன பெண் அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் இப்படியே பேசிக்கொண்டிருப்பாள். வீட்டில் அம்மாவிடம் "உன் முகம் சிவந்திருக்கு" என்று சொல்லி அடி வாங்கியவளும் உண்டு.

இந்தப் பிடிவாதம் எங்களுக்குச் சில சமயம் நஷ்டமாகவும் முடிந்தது. வெங்காயத்தோலை நுண்ணோக்கியில் பார்த்து வரையும் வகுப்பு. எல்லோரும் செங்கல் அடுக்கியதுபோல வரிசையாக செல்கள் வரைந்து, அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதி நீட்டினார்கள். டீச்சர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். "இது புக்கு பாத்தது. நீ பாத்தது எங்க?" எனக்கு வரைய வராது. கண்ணாடியில் தெரிந்த பெரிய கறுப்பு வட்டம் ஒன்றை அப்படியே வரைந்து, பெயர் தெரியாததால் பெயரும் எழுதாமல் கொடுத்தேன். அவர் என் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது காத்துக் குமிழி. செல்லு இல்ல. கண்ணாடிய சரியா மூடத் தெரியல இவளுக்கு" என்றார் எல்லோரிடமும். "ஆனா இவ ஒருத்திதான் பாத்தத வரைஞ்சிருக்கா."

பாராட்டா திட்டா என்று தெரியாமல் நின்றேன். வீட்டில் அதைச் சொன்னபோது அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. "பரீட்சையில புஸ்தகத்துல உள்ளத வரைஞ்சாத்தானட்டி மார்க்கு போடுவான்? இந்தம்மா புதுசா என்னமோல்லா சொல்லிக்குடுக்காவ!" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். டீச்சர் அவரை உட்காரவைத்துப் பேசினார். "நீங்க சொல்றது சரிதாங்க. பரீட்சையில புக்குல இருக்கறதத்தான் வரையணும். ஆனா தான் வரையறது புக்குல இருக்கறதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். அத தானே பாத்தோம்னு நெனச்சுக்கக் கூடாது. அவ்ளோதான்." திரும்பி வந்ததும் குவார்ட்டர்ஸ் வாசலில் அப்பா, "ஆளு கெட்டியான ஆளுதான்" என்று மட்டும் சொன்னார்.

எங்களிடம் கேட்பதை அவர் தன்னிடமும் கேட்டுக்கொள்வார் என்பது ஒருநாள் தெரிந்தது. வகுப்பில் தூங்கி விழுந்த ஒருத்தியை எழுப்பி, "ராவெல்லாம் டிவி பாத்துகினு இருந்திருப்ப" என்று திட்டிவிட்டார். மறுநாள் அவள் வரவில்லை. காய்ச்சல் என்று அவள் தங்கை வந்து சொன்னாள். மூன்றுநாள் கழித்து அவள் வந்ததும், வருகைப் பதிவு எடுப்பதற்கு முன்னால் டீச்சர் எழுந்து நின்றார்.

"அன்னிக்கு இவள டிவி பாத்தன்னு சொன்னேன். நான் பாக்கல. நானா நெனச்சேன். தப்பு."

சொல்லிவிட்டு நேராக ஜன்னலருகே போய் வெளியே பார்த்து நின்றுகொண்டார். "ஒரு நாய் படுத்திருக்குது. ரெண்டு பேரு கரண்டு கம்பத்துகிட்ட நிக்கறாங்க. ஒருத்தர் கையில கயிறு" என்று எங்களைப் போலவே சொல்ல ஆரம்பித்தார். போதும் என்று சொல்ல வேண்டியது யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் காய்ச்சல்காரிதான் அழுதுகொண்டே, "போதும் மிஸ்" என்றாள்.

பத்தாம் வகுப்பில் மேகலாவின் விஷயம் வந்தது.

மேகலா எங்கள் வகுப்பில் சத்தமாகச் சிரிக்கிறவள். அப்பா கிடையாது. அம்மா மண்ணூர்பேட்டையில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். மேகலா பஸ் நிறுத்தத்தில் ஒரு பையனோடு நின்று பேசினாள் என்று ஒரு திங்கட்கிழமை காலை பேச்சு கிளம்பியது. மத்தியானத்துக்குள் அது பைக்கில் போனாள் என்று ஆனது. மறுநாள் வீட்டைவிட்டுப் போகப்போகிறாள் என்று ஆகி, தலைமையாசிரியை காதுக்கும் எட்டிவிட்டது. அவர் மேகலாவின் அம்மாவை வரச்சொன்னார். டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவாகிவிட்டதாக ஆசிரியைகள் பேசிக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பில் பாதியில் டி.சி. வாங்கிய பெண் அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கும் போகப்போவதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தலைமையாசிரியையின் அறையில் மேகலா சுவரோரம் நின்றிருந்தாள். அவள் அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வகுப்பாசிரியை என்ற முறையில் டீச்சரும் அங்கே இருந்தார். கூப்பிடச் சொல்லும் பெண்களைக் கூட்டிவர வகுப்புத் தலைவியான என்னையும் அங்கே நிற்கவைத்திருந்தார்கள்.

"மேடம், டி.சி. குடுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பேச்சு பேசின பொண்ணுங்கள நான் கேக்கட்டுமா?" என்றார் டீச்சர்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "நீ பாத்தியா?" முதல் பெண், "இல்ல மிஸ், சாந்தி சொன்னா" என்றாள். சாந்தியைக் கூட்டிவந்தேன். சாந்தி இன்னொருத்தியைச் சொன்னாள். அவளையும் கூட்டிவந்தேன். இப்படியே போய், கடைசியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் வந்து நின்றது. அவள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறாள்.

"இன்னா பாத்த?"

"நம்ம யூனிஃபார்ம் போட்ட ஒரு அக்கா மிஸ். கூட ஒரு அண்ணா."

"அக்கா மொகத்த பாத்தியா?"

"இல்ல மிஸ். பின்னாடிலேர்ந்து. ரெட்டை ஜடை."

பள்ளியில் எல்லோருக்கும் ரெட்டை ஜடைதான். டீச்சர் தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணுங்க யாரும் மேகலாவ பாக்கல மேடம்." தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, எல்லோரும் வகுப்புக்குப் போகலாம் என்றார். டி.சி. பேச்சு அதோடு நின்றது.

வராந்தாவில் மேகலாவின் அம்மா ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்பொண்ணு தப்பு பண்ணலன்னு அத்தினி பேரு முன்னால சொன்னீங்களேம்மா. நீங்க நல்லா இருக்கணும்."

டீச்சர் கையை விடுவித்துக்கொண்டார். "நான் அப்படிச் சொல்லலம்மா. இந்தப் பொண்ணுங்க பாக்கலன்னு மட்டும்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அந்த அம்மாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். வகுப்பில் அன்றைக்கு எல்லோருக்கும் டீச்சர்மேல் ஆத்திரம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கல்நெஞ்சு என்றாள் ஒருத்தி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணம் பல வருஷம் எனக்குள் இருந்தது.

நான் இப்போது பூந்தமல்லிக்கு அருகில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வந்த புதிதில் ஒரு காலை, வார்டில் முதியவர் ஒருவர் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். நான்தான் முதலில் பார்த்தேன். பெரிய அடி இல்லை. ஆனாலும் அவர் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கட்டிலின் பக்கக் கம்பியை ஆயா இறக்கிவிட்டதால்தான் விழுந்தார் என்று எழுதிக்கொடுக்கும்படி மேலிருந்து ஒருவர் என்னிடம் சொன்னார். ஆயா அஞ்சலை ஓரமாக நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நோயாளி தரையில் படுத்திருக்கக் கண்டேன். கம்பி இறங்கியிருந்தது. யார் இறக்கியது என்று நான் பார்க்கவில்லை. எப்படித் தரைக்கு வந்தார் என்றும் பார்க்கவில்லை' என்று எழுதினேன். மாற்றி எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். சாயந்திரம் முதியவர் தெளிந்ததும், சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று தானே கம்பியை இறக்கியதாகச் சொன்னார். அவர் சொல்லாமல் போயிருந்தாலும் நான் எழுதியது அதேதான். அந்த வாக்கியங்களை எனக்கு நர்சிங் கல்லூரி கற்றுக்கொடுக்கவில்லை.

போன மாசம் டீச்சரே எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு. முடி முழுக்க வெள்ளை. உடம்பு இன்னும் ஒல்லியாகியிருந்தது. பணியிலிருந்த இளம் டாக்டர், "வழுக்கிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டுக்கொண்டே எழுதப்போனார்.

"விழுந்தேன். வழுக்குச்சா, தல சுத்துச்சான்னு தெரியல. தெரியாதத எழுதாதீங்க" என்றார்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். அந்தத் 'தெரியல'வால் மேலும் சில பரிசோதனைகள் செய்தார்கள். ரத்த அழுத்த மாத்திரை அவருக்கு அதிகமாகிப்போயிருந்தது; எழுந்து நின்றால் அழுத்தம் இறங்கியது. மாத்திரையைக் குறைத்தபிறகுதான் அறுவை சிகிச்சைக்கு எடுத்தார்கள்.

நான் என் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மழைன்னு சொன்னவதானே நீ?" என்றார். பக்கத்தில் இருந்த அவர் தம்பி மனைவி விழித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் காலையில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி கீழே டீ குடிக்கப் போயிருந்தார். பேச்சுக்குப் பேச்சாக மேகலாவைப் பற்றிச் சொன்னேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததையும், இப்போது ஐயப்பன்தாங்கலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் சொன்னேன். டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் பாத்தேன்."

"என்ன மிஸ்?"

"அவள. அந்தப் பையன்கூட. வண்டில வந்துகினு இருந்தேன். பஸ் ஸ்டாப்புல நின்னு ரெண்டு பேரும் ஒரே வேர்க்கடலப் பொட்டலத்த தின்னுகினு சிரிச்சிகினு இருந்தாங்க. மொகத்த நல்லா பாத்தேன். அவதான்."

என் கை நின்றுவிட்டது. இந்தப் பொண்ணுங்க யாரும் பாக்கல என்று அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவு காலத்துக்குப் பிறகுதான் என் காதில் சரியாக விழுந்தது.

"அப்ப எச்.எம். ரூம்ல..."

"என்னிய யாரும் கேக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "கேட்டிருந்தா சொல்லித்தான் இருப்பேன். பொய் சொல்ல எனக்கு வராது. அந்த அம்மா எதுக்க குந்திகினு கீது. எங்க எச்.எம். என் பக்கம் திரும்பி, 'நீங்க பாத்தீங்களா'ன்னு கேட்டுடுவாங்களோன்னு ஒவ்வொரு பொண்ணா கூப்ட்டு கேட்டுகினே இருந்தேன். கால் நடுங்குச்சு. கடல தின்னதுக்கு ஒரு பொண்ணு படிப்பு போவணுமா? ஆனா நான் பண்ணதும் சரியான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

டீச்சருக்கும் கால் நடுங்கியிருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த அம்மாவின் கையை ஏன் விடுவித்துக்கொண்டார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. நன்றியை வாங்கிக்கொண்டிருந்தால் அதுவே அவருக்குப் பொய்யாகியிருக்கும். கட்டை முடித்தேன். வெளியே வந்து மேகலாவுக்குப் போன் செய்தேன். டீச்சர் இங்கே இருக்கிறார் என்பதை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்வது என் வேலை இல்லை.

மறுநாள் மேகலா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். குரல் அதே குரல்தான்; வார்டு முழுக்கக் கேட்டது. ஆரஞ்சுப் பழத்தை உரித்து டீச்சர் கையில் வைத்தாள். டீச்சர் அதைத் தின்னவில்லை.

"மேகலா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல..."

"தெரியும் மிஸ்."

"இன்னா தெரியும்?"

"நீங்க வண்டில போனத நான் பாத்தேன். நீங்க என்னப் பாத்ததையும் பாத்தேன். எச்.எம். ரூம்ல நீங்க எந்திரிச்சப்ப, சரி, இன்னியோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்." மேகலாவின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "கடைசி வரைக்கும் நீங்க என் மூஞ்சியப் பாக்கவே இல்ல மிஸ். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. எங்கம்மா வீட்ல வந்து உங்களத் திட்டினாங்க. நான் எதுவும் சொல்லல. சொன்னா மாட்டிப்பேனே!"

டீச்சர் புடவைத் தலைப்பைத் தேடினார். மருத்துவமனை உடுப்பில் தலைப்பு ஏது? நான் திசுத்தாள் எடுத்துக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருடி அந்தப் பையன்?"

மேகலா சிரித்த சிரிப்பில் எதிர்க் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அது ஒரு லூசு மிஸ். பரீட்ச வர்றதுக்கு முன்னாடியே வேற ஸ்டாப்புக்குப் போயிட்டான்."

அந்த நேரத்தில் பிசியோதெரபி பெண், பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கர் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளாக டீச்சர் அவளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். வலி என்று சொல்லவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றும் அதையே சொன்னார். மேகலா ஹெல்மெட்டைக் கட்டில்மேல் வைத்தாள்.

"மிஸ், எந்திரிங்க."

"விழுந்துடுவேன்டி."

"நாங்க ரெண்டு பேரும் பிடிச்சிருக்கோம். என்கிட்ட வர்ற அம்மாங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. எந்திரிங்க."

ஒரு பக்கம் நான், மறு பக்கம் மேகலா. டீச்சர் எழுந்தார். சட்டத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. கட்டிலின் கால்மாடு தாண்டியதும் நின்று, வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்கும் பெண்ணைப் போல மேகலாவைப் பார்த்தார்.

"கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

"கதவு வரைக்கும் போயிட்டு உக்காருங்க மிஸ்."

டீச்சர் சட்டத்தை முன்னால் நகர்த்தினார்.